ஏரியும் எண்ணும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைக் கடந்து மேற்கே செல்வோர்க்கு இடப்புறத்தே அமைந்திருப்பது செம்பரம்பாக்கம் ஏரி. நிரம்பி நிற்கும் நாளில் கரைமீது நின்று நோக்கினால் அது ஒரு சிறு கடல் போலவே தோன்றும். அதன் முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மிகுதியாகும் நீர் 5 கண் மதகு, 19 கண் மதகு என்னும் இரு வாயில்களின் வழியே வெளியேறி அடையாற்றைச் சேர்கிறது. சென்னை மாநகர மக்கள் பருகும் நீரில் ஒரு பங்கு இவ்வேரி தருவதேயாம். நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யவல்ல நிலையமொன்று 2007-ஆம் ஆண்டில் இங்கே இயங்கத் தொடங்கிற்று.

ஏரியைச் சூழ்ந்த நிலப்பகுதி ஒரு காலத்தில் நெல் வயல்களுக்குப் பெயர் பெற்றது. இன்றோ இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் தொடர்ந்து நிற்கின்றன. கார்களும் கைப்பேசிகளும் இங்கே உருவாகின்றன. ஏரிக்கும் இத்தொழிற்சாலைகளில் உருவாகும் பொருள்களுக்கும் பொதுவானதொரு செய்தி உண்டு. அதனை விளக்குவதே இப்பாடம்.

ஏரி நீர் உயரும்போது துள்ளித் துள்ளி உயர்வதில்லை. 20 அடியில் நின்ற நீர் 21 அடியை எட்டுமுன், இடையிலுள்ள எல்லா உயரங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்தே செல்கிறது. வெப்பமும் ஒலியும் மின்னழுத்தமும் இத்தகையனவே. இடையறாது தொடர்ந்து மாறும் இவ்வளவுகளைத் தொடர் அளவுகள் எனலாம். ஆங்கிலவழி வந்த பெயர் அனலாக் என்பது. கணிப்பொறியோ எண்களையன்றி வேறொன்றும் அறியாது. 20 என்ற எண்ணுக்கு அடுத்தது 21. இடையே ஒன்றும் இல்லை. கணிப்பொறியின் எண்களைக் கொண்டு ஒரு மின்னோடியை மெல்லச் சுழற்றவும், ஒரு குழாயின் அடைப்பைச் சிறிதளவே திறக்கவும், ஓர் ஒலிபெருக்கியில் இசை எழுப்பவும் வேண்டுமாயின், எண்ணை மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றித் தரும் கருவி ஒன்று இடையே நின்றாக வேண்டும். அதுவே டிஜிட்டல் அனலாக் மாற்றி. இனி இதனை 'மாற்றி' என்றே சுருக்கமாகக் குறிப்போம்.

மாற்றியொன்றைத் தேர்ந்தெடுப்போர் இரண்டு வினாக்களை எழுப்புவர். அது தரும் அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முதல் வினா. அதற்குரிய விடை வீச்சு எனப்படும். எவ்வளவு சிறிய படிகளாக அது ஏறி இறங்குகிறது என்பது இரண்டாவது வினா. அதற்குரிய விடை பகுதிறன் எனப்படும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். வீச்சு பெரிதாயின் கருவி சிறந்ததென்று எண்ணி விலை கொடுத்து வாங்கிப் பின் வருந்துவோரும் உளர்.

இக்கருவியின் உள்ளமைப்பை அறிய மின்சாரத்தை நாடுமுன், தமிழ்நாட்டு அங்காடியை நாடுதல் நன்று. நெல்லையும் அரிசியையும் நம் முன்னோர் முகந்தே அளந்தனர். 2 ஆழாக்கு கொண்டது 1 உழக்கு. 2 உழக்கு கொண்டது 1 உரி. 2 உரி கொண்டது 1 நாழி. நாழியே படி என்றும் வழங்கும். படியின் கொள்ளளவு ஊர்தோறும் வேறுபட்டதுண்டு. 1958-ஆம் ஆண்டு முதல் மெட்ரிக் அளவைகள் இந்தியாவில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், இவ்வளவைகள் பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் இரண்டிரண்டாகப் பெருகும் இம்முறையில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது.

வணிகர் ஒருவரிடம் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி ஆகிய நான்கு அளவைகளும் ஒவ்வொன்றே உள்ளன என்று கொள்க. ஒருவர்க்கு அளக்கும்போது எந்த அளவையையும் ஒரு முறைக்குமேல் பயன்படுத்தலாகாது என்பது விதி. 5 ஆழாக்கு அரிசி வேண்டுவோர்க்கு உரியால் ஒரு முறையும் ஆழாக்கால் ஒரு முறையும் அளந்து தருவார். 11 ஆழாக்கு வேண்டின், நாழி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் பயன்படும். உரி சும்மா கிடக்கும். நான்கையும் பயன்படுத்தினால் 8, 4, 2, 1 எனக் கூடி 15 ஆழாக்கு ஆகும். ஆகவே ஒன்றும் அளவாமை முதல் 15 ஆழாக்கு வரை 16 வகையான அளவுகளை அவர் தரவியலும். ஒன்றேனும் விடுபடாது; ஒன்றேனும் இரு வழியில் அமையாது.

பயன்பட்ட அளவைக்கு 1 என்றும், பயன்படாததற்கு 0 என்றும் பெரியதிலிருந்து தொடங்கி எழுதினால், 11 ஆழாக்கு என்பது 1011 ஆகிறது. இதுவே கணிப்பொறி வழங்கும் இருமை எண். அவ்வெண்ணிலுள்ள ஒவ்வோர் இடமும் ஒரு பிட் எனப்படும். நான்கு அளவைகள் கொண்ட வணிகர் ஒரு நான்கு பிட் மாற்றிக்கு ஒப்பாவார். அவருடைய பகுதிறன் ஓர் ஆழாக்கு. அவருடைய வீச்சு சுழி முதல் 15 ஆழாக்கு வரை.

இங்கே இரண்டு உண்மைகளை உற்றுநோக்குக. ஐந்தரை ஆழாக்கு வேண்டுமென்று ஒருவர் கேட்டால் வணிகர் ஐந்தோ ஆறோதான் தர முடியும்; அரை ஆழாக்குப் பிழை தவிர்க்கவொண்ணாதது. இரு நாழி, அதாவது 16 ஆழாக்கு, வேண்டுமென்றாலும் அவரால் இயலாது. 16 நிலைகள் உள்ளன என்பது மெய்யே. அவற்றுள் ஒன்று சுழிக்குப் போய்விட்டமையால், மேல் எல்லையை எட்டுவதற்கு ஒரு படி எப்போதும் குறைந்தே நிற்கும். மாற்றிகளைப் புதிதாகக் கையாளுவோர் பலரும் தடுமாறும் இடம் இதுவே. 10 வோல்ட் என்று குறிக்கப்பட்ட எட்டு பிட் மாற்றியின் மிகப்பெரிய எண்ணைக் கொடுத்து அளந்து பார்த்தால் 9.96 வோல்ட்தான் காணப்படும். கருவி பழுதென்று அதனை ஒதுக்குதல் தவறு.

மின்சாரத்தில் இவ்வளவைகளை அமைப்பது எளிது. நிலையான 8 வோல்ட் மின்னழுத்தத்துடன் 1,000 ஓம், 2,000 ஓம், 4,000 ஓம், 8,000 ஓம் என நான்கு மின்தடைகள் தனித்தனிச் சாவிகளின் வழியே இணைக்கப்படுகின்றன. அவற்றின் மறுமுனைகள் யாவும் சுழி அழுத்தத்தில் வைக்கப்பட்ட ஓரிடத்தில் கூடுகின்றன. ஓமின் விதிப்படி அவற்றில் முறையே 8, 4, 2, 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். எண்ணில் 1 உள்ள இடத்துச் சாவி மூடப்படும். 0 உள்ள இடத்துச் சாவி திறந்தே இருக்கும். 1011 என்ற எண் வந்தவுடன் 8, 2, 1 ஆகிய மூன்றும் கூடி 11 மில்லி ஆம்பியர் பாய்கிறது. நாழியும் உழக்கும் ஆழாக்கும் கூடினதே போலும்!

அளவை பழுதுபட்டிருந்தால் என்ன ஆகும்? நாழியின் அடிப்பகுதி நசுங்கி, ஒன்றரை ஆழாக்கு குறைவாகக் கொள்கிறது என்று எண்ணுக. 7 ஆழாக்கு கேட்டவர்க்கு உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றாலும் சரியாக 7 கிடைக்கும். 8 ஆழாக்கு கேட்டவர்க்கோ நாழி ஒன்றால் மட்டுமே அளப்பதனால் ஆறரை ஆழாக்கே கிடைக்கும். மிகுதியாகக் கேட்டவர் குறைவாகப் பெற்றுச் செல்வர்! மாற்றியிலும் இவ்விபத்து நேரும். எண் ஏறும்போது மின்னழுத்தம் இறங்கினால், அதனை நம்பி இயங்கும் மின்னோடி முன்னே செல்ல வேண்டிய இடத்தில் பின்னே செல்லும். மிகச்சிறிய அளவையிலுள்ள பழுது அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. மிகப்பெரிய அளவையிலுள்ள சிறு பழுதே பெருந்தீங்கு செய்கிறது.

பிட்டுகள் பெருகப் பெருக இத்தொல்லையும் பெருகும். பன்னிரண்டு பிட் மாற்றிக்கு முதல் மின்தடை 1,000 ஓம் ஆயின், கடைசித் தடை 20,48,000 ஓம் ஆதல் வேண்டும். இத்துணை வேறுபட்ட தடைகளை ஒரே சில்லில் துல்லியமாகச் செய்தல் அரிது. பொறியாளர் இதற்கு ஏணிச் சுற்று என்னும் அமைப்பைக் கண்டனர். வாய்க்கால் ஒன்று ஒவ்வொரு கிளைமடையிலும் தன் நீரில் சரிபாதியை வயலுக்கு விட்டு, எஞ்சிய பாதியோடு மேலே செல்வதாக எண்ணிப் பார்க்க. முதல் வயலுக்கு அரை, அடுத்ததற்குக் கால், அதற்கடுத்ததற்கு அரைக்கால் எனப் பங்கு தானே அமைந்துவிடும். ஏணிச் சுற்றில் மின்னோட்டம் அவ்வாறே படிதோறும் பாதியாகிறது. இதற்கு ஒரு தடையும் அதன் இரு மடங்கு தடையுமாக இரண்டே வகைத் தடைகள் போதும்.

இனி வீச்சுக்கும் பகுதிறனுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக் காண்போம். எட்டு பிட்டுகளால் 256 நிலைகள் அமையும். வீச்சு 10 வோல்ட் ஆயின், ஒரு படி என்பது 10 வோல்ட்டில் 256-இல் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 39 மில்லி வோல்ட். அதே எட்டு பிட்டுகளைக் கொண்டு வீச்சை 5 வோல்ட்டாகக் குறைத்தால், படி 19.5 மில்லி வோல்ட்டாகச் சிறுக்கும். மின்னோடி முன்னும் பின்னும் சுழல வேண்டுமென்று −10 வோல்ட் முதல் +10 வோல்ட் வரை வீச்சை விரித்தால், படி 78 மில்லி வோல்ட்டாகப் பருக்கும். பிட்டுகளின் எண்ணிக்கை மாறாதவரை, வீச்சை விரிப்போர் நுண்மையை இழப்பர். நுண்மையை நாடுவோர் வீச்சைக் குறுக்குவர். இரண்டும் ஒருங்கே வேண்டுவோர் பிட்டுகளைக் கூட்டுதல் வேண்டும். 10 வோல்ட் வீச்சில் பன்னிரண்டு பிட் மாற்றியின் படி 2.44 மில்லி வோல்ட். பதினாறு பிட் மாற்றியின் படியோ 0.15 மில்லி வோல்ட்டே.

இவ்வெண்களின் பொருள் மின்னழுத்தத்தில் மட்டும் நோக்கின் விளங்காது. மீண்டும் ஏரிக்கரைக்குச் செல்வோம். ஏரியின் நீர்மட்டத்தை ஓர் அறையிலிருந்தே காட்டும் முள் ஒன்றை அமைக்கும் பணி ஒரு மாணவர்க்கு அளிக்கப்பட்டது என்று கற்பனை செய்க. நீர்மட்டம் எண்ணாக வந்து சேர்கிறது. எட்டு பிட் மாற்றி அதனை மின்னழுத்தமாக்கி முள்ளை நகர்த்துகிறது. வீச்சு சுழி முதல் 24 அடி வரை.

24 அடி என்பது 288 அங்குலம். அதனை 256-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு ஒன்றே அரைக்கால் அங்குலம் வரும். ஓர் அங்குலம் பெரிதோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஏரி பரந்தது. 3,645 மில்லியன் கன அடியை 256 பங்கிட்டால் ஒவ்வொரு பங்கும் சராசரியாக 14.2 மில்லியன் கன அடி. லிட்டர்க் கணக்கில் சுமார் 40 கோடி. அருகிலுள்ள தூய்மை நிலையம் ஒரு நாளில் தரவல்ல நீரில் முக்கால் பங்கு அது. அத்துணை நீர் வந்தாலும் போனாலும், முள் ஒரே ஒரு படிதான் நகரும். ஏரியின் அடிப்பகுதி குறுகியும் மேற்பகுதி அகன்றும் இருப்பதால், அடியில் ஒரு படிக்குரிய நீர் இதனினும் குறைவு. மேலே இதனினும் மிகுதி.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழையை இங்கு நினைவுகூர்தல் தகும். செம்பரம்பாக்கத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரைப் பகுதிகள் பல வெள்ளத்தில் மூழ்கின. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் பெரிது. அந்நாளில் வெளியேறிய வேகத்தில் 14.2 மில்லியன் கன அடி நீர் செல்வதற்கு எட்டு நிமிடங்களே போதும். வரத்து முற்றும் நின்றிருந்தால்கூட, மாணவர் அமைத்த முள் எட்டு நிமிடத்திற்கு ஒரு முறையே அசைந்திருக்கும். வரத்தும் போக்கும் ஏறத்தாழச் சமமாக இருந்திருப்பின், அது நெடுநேரம் அசையாமலே நின்றிருக்கும். மதகை இன்னும் எவ்வளவு உயர்த்துவது என முடிவு செய்ய வேண்டியவர்க்கு அம்முள் சொல்லும் செய்தி போதாது.

இதற்கு மாணவர் என் செய்வார்? புதிய மாற்றி வாங்கப் பொருளில்லை எனின், வீச்சைக் குறுக்கலாம். மழைக்காலத்தில் கவலை தருவது 20 அடிக்கு மேற்பட்ட நீரே. ஆகவே முள்ளின் வீச்சை 20 அடி முதல் 24 அடி வரை என அமைத்தால், 48 அங்குலத்திற்கு 256 படிகள் கிடைக்கும். ஒரு படி ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காகிவிடும். அதே மாற்றி, அதே எட்டு பிட்டுகள். நுண்மையோ ஆறு மடங்கு. சிக்கனமான வழியே இது. எனினும் முள் தன் மேல் எல்லைக்கு ஒரு படி கீழே நின்றுவிடும் என்பதை முன்னரே கண்டோம். 24 அடியைக் காட்ட வேண்டிய கருவி 24 அடியைத் தொடாது நிற்பது எவ்வளவு இடர் தரும்! மேல் எல்லையைச் சற்று உயர்த்தி அமைப்பதே அறிவுடைமை.

ஆனால் காலம் ஒரே தன்மைத்தன்று. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் அவ்வாறே வற்றின. வெடித்த ஏரித்தரையின் படங்கள் உலகெங்கும் செய்தித்தாள்களில் வந்தன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளத்திற்கென்று 20 அடிக்குமேல் குறுக்கப்பட்ட முள் அவ்வாண்டில் என்ன காட்டியிருக்கும்? தொடக்கத்திலேயே படுத்திருக்கும். நீர் 19 அடியில் நிற்பதும், ஒன்றுமே இன்றி வற்றிப்போனதும் அதற்கு ஒன்றுதான். நுண்மைக்காக வீச்சை இழப்பதன் விலை அது.

பிட்டுகளைக் கூட்டிப் பன்னிரண்டாக்கினால் இரண்டும் ஓரளவு கைகூடும். 24 அடி முழுவதையும் 4,096 படிகளாகப் பகுத்தால் ஒரு படி 1.8 மில்லிமீட்டர். சராசரிக் கணக்கில் அது இரண்டரைக் கோடி லிட்டர் நீர். மேற்சொன்ன தொடர்வண்டி பத்து முறை சுமக்க வேண்டிய நீர். ஒரு நெல்மணியின் தடிமனளவு நீர்மட்ட வேறுபாட்டில் பத்துத் தொடர்வண்டி நீர் அடங்குகிறதென்றால், ஏரியின் பரப்பை எண்ணி வியவாதார் யார்?

அப்படியாயின் பதினாறு பிட் மாற்றி இன்னும் சிறப்பன்றோ எனலாம். அதன் படி 0.11 மில்லிமீட்டர். ஆனால் ஏரிமீது காற்று வீசுகிறது, சிற்றலைகள் எழுகின்றன, அவை சில அங்குலம் உயர்ந்து தாழ்கின்றன. அலையாடும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை சொல்லும் முள், காற்றின் ஆட்டத்தையே சொல்லும். நீரின் இருப்பைச் சொல்லாது. அலைகளை அடக்கிச் சராசரி கண்டபின்னரே நுண்ணிய படிகளுக்குப் பொருள் உண்டு. மேலும், படி சிறிதாதல் வேறு, துல்லியமாதல் வேறு. ஐந்து இலக்கம் வரை காட்டும் தராசு ஒன்று தொடக்கத்திலேயே பத்துக் கிராம் தவறாக நின்றால், அதன் ஐந்து இலக்கமும் அத்தவற்றையே அழகுறக் காட்டும்.

தொழிற்சாலைகளிலும் நீர் நிலையங்களிலும் குழாயின் அடைப்பைத் திறந்து மூட, மாற்றி தரும் மின்னோட்டம் பயன்படுகிறது. அதற்கென வழக்கத்தில் நிலைபெற்ற வீச்சு 4 மில்லி ஆம்பியர் முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. அடைப்பு முற்றும் மூட 4; முற்றும் திறக்க 20. சுழியிலிருந்து தொடங்காமல் 4-இலிருந்து தொடங்குவது ஏன் என்னும் ஐயம் எழும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். மூடுக என்னும் ஆணையே சுழியாக இருந்திருப்பின், ஆணையையும் அறுந்த கம்பியையும் வேறு பிரித்தறிய வழியில்லை. 4-க்குக் கீழே மின்னோட்டம் இறங்கினால் அது ஆணையன்று, பழுது என்று உடனே தெரிந்துவிடும். மாற்றியின் சொந்த வீச்சு சுழி முதல் 20 வரை எனின், பன்னிரண்டு பிட்டுகளின் 4,096 நிலைகளில் 819 நிலைகள் இவ்வாறு ஒதுங்கிவிடுகின்றன. வீணன்று இது, வீச்சில் ஐந்திலொரு பங்கைக் கொடுத்துப் பெற்ற காவல்.

கைப்பேசியின் கதை வேறு. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006-இல் தொடங்கிய கைப்பேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. ஆயினும் கைப்பேசித் தொழில் இவ்வட்டாரத்தை விட்டகலவில்லை. எந்தக் கைப்பேசியிலும் ஒலிக்கென ஒரு மாற்றி உண்டு. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, இசையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் பதினாறு பிட் எண்ணாகப் பதிந்தது. 65,536 படிகள்! நாதசுரத்தின் முழக்கமும் தம்பூராவின் மெல்லிய மீட்டலும் ஒரே வீச்சில் அடங்க வேண்டுமன்றோ? படி பெரிதாயின் முழக்கம் கெடாது. மெல்லொலியே கரகரப்பாகிக் கெடும்.

தொலைபேசிக்கு அத்துணைப் படிகள் கட்டுப்படியாகவில்லை. குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் எட்டே பிட்டுகளில் அனுப்ப வேண்டியிருந்தது. 256 படிகளைச் சமமாக இட்டால் மெல்லப் பேசுவோரின் குரல் சிதையும். பொறியாளர் படிகளைச் சமமின்றி அமைத்தனர். மெல்லொலிக்கு மிகச்சிறு படிகள்; ஒலி வலுக்க வலுக்கப் படிகளும் பருக்கும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கும் முறையில் மிகப்பெரிய படி மிகச்சிறிய படியைப் போல் 64 மடங்கு. சமப்படிகளால் பன்னிரண்டு பிட்டுகள் கேட்கும் மெல்லொலி நுண்மையை இம்முறை எட்டு பிட்டுகளுக்குள் அடக்கிற்று. உரத்த குரலில் வரும் பெரிய பிழையை அக்குரலே மறைத்துவிடுவதால் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இவ்வுத்தியை ஏரிக்கும் பயன்படுத்தலாம். மாணவரிடம் இன்னும் அந்த எட்டு பிட் மாற்றியே உள்ளது என்க. அடியிலுள்ள 4 அடிக்கு 96 படிகளும், உச்சியிலுள்ள 4 அடிக்கு 96 படிகளும் ஒதுக்கி, எஞ்சிய 64 படிகளை நடுவிலுள்ள 16 அடிக்கு அளித்து, முள்ளின் பலகையையும் அதற்கேற்பக் கோடிட்டுக்கொள்கிறார். இப்போது ஏரி வற்றும் தறுவாயிலும், நிரம்பும் தறுவாயிலும் முள் அரை அங்குலத்திற்கு ஒரு முறை நகரும். நடுவிலோ மூன்று அங்குலத்திற்கு ஒரு முறைதான் நகரும். நீர் அங்கே நிற்கும் நாள்களில் அதனை யாரும் அத்துணைக் கூர்ந்து பார்ப்பதில்லை.